அண்ணன் அழித்த கரை

நகராட்சி என்று பெயர்தான் பெரிது. எந்தத் தெருவில் புறப்பட்டாலும் கொஞ்ச நேரத்தில் வெங்காய வயலில் போய் நிற்கலாம். வடக்கே ஒரு மொட்டை மலை, அதிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஆறு வளைகிற இடத்தில் ஊர். வளைவுக்கு இந்தப் பக்கம் அலுவலகம், சந்தை, வெங்காயக் கிடங்கு, வசதியானவர்களின் வயல்கள், இது இக்கரை. அந்தப் பக்கம் சோள வயல்களும் ஓட்டு வீடுகளும், அது அக்கரை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்வார்களே, ஒரு காலத்தில் அது உண்மையாகவே பச்சையாகத்தான் இருந்தது. இப்போது மழைக்காலம் வந்தால் பழுப்புத் தண்ணீரைத் தவிர அங்கே வேறு எதுவும் கண்ணில் படாது.

ஏன் என்று ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆறு வளையும்போது வெள்ளம் வளைவின் வெளிப்பக்கத்தைத்தான் முட்டும். வெளிப்பக்கம் என்றால் இக்கரை. வருஷா வருஷம் வயல் நனைகிறதே என்று, நாற்பது வருஷத்துக்கு முன் தலைவராக இருந்தவர் வளைவு நெடுக மண்ணும் கல்லும் கொட்டி ஆளுயரத்துக்குக் கரை எழுப்பினார். முட்டிய வெள்ளம் திரும்பிப் போய் அக்கரைக்குள் புகுந்தது. அக்கரைக்காரர்கள் கடப்பாரையோடு கிளம்பி வந்தார்கள். கரையை உடைத்திருப்பார்கள். தலைவர் வாசலில் நின்று, "என் மகளையே உங்க ஊருக்குக் கொடுக்கறேன். பொண்ணு கொடுத்த ஊரை எவனாவது மூழ்கடிப்பானா? அடுத்த மழைக்குள்ள தண்ணி வடிய மதகு வைக்கறேன்" என்றார். கடப்பாரைகள் வீட்டுக்குப் போயின. மகளும் போனாள். மதகு மட்டும் வரவில்லை.

அந்த மகள்தான் மிளகாய் டீச்சர். ஊர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். சின்ன வயதிலேயே மிளகாய் என்று பெயர் வைத்தவன் அவளுடைய அண்ணன், இப்போதைய தலைவர். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்காருவது இந்த ஊரில் ஆறு வளைவதைப் போல, யாரும் காரணம் கேட்பதில்லை.

நகராட்சிக்கு நூறாவது ஆண்டு வந்தது. புது மண்டபம் கட்டினார்கள். ஒரு சுவர் முழுக்க ஊரின் வரலாறு, நடுவில் மேஜை மேல் ஊரின் மாதிரி. மாதிரியைச் செய்யும் வேலையை அண்ணன் தங்கையிடம் கொடுத்திருந்தார். வாயாடி என்று பேர் வாங்கிய அக்கரைக் கொத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சிமெண்டில் மலையும், களிமண்ணில் வயல்களும், நடுவில் நிஜமாகவே தண்ணீர் ஓடும் ஆறுமாகச் செய்துகொண்டிருந்தாள் டீச்சர். வீடுகளைச் சின்ன மரக்கட்டைகளில் செதுக்கி வர்ணம் பூசியிருந்தாள். அக்கரையில் நீலக் கதவு வைத்த கட்டை அவளுடைய வீடு.

சுவரில் எழுதுகிறவர் ஏணியிலிருந்து இறங்கிப் போன பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். வர்ணம் காயாத எழுத்துகள்: "அக்கரை: இயற்கையாகவே நீர் தேங்கும் பள்ளம். பிற்காலத்தில் சிலர் அங்கே குடியேறினர்."

சிலர். அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. மாமனாரின் பாட்டன் வெட்டிய கிணறு அங்கே இருக்கிறது. அவர்கள் சிலராம்!

"கொத்தனாரே, இது என்னய்யா?"

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? அக்கரைய ஏரியாக்கப் போறாங்களாம். அரசாங்கத்துப் பணம் வருதாம். விழாவுக்கு வர்ற அதிகாரியம்மா பார்த்துட்டு, இயற்கையான பள்ளம்தான்னு கையெழுத்துப் போட்டா போதும். நம்மளை எல்லாம் மலைக்குப் பின்னால கல்லுக்காட்டுல கொண்டுபோய் விட்டுருவாங்க. ஊரே பேசுது. உங்க அண்ணன் ஊட்டுச் சமாச்சாரம், உங்ககிட்ட யாரு சொல்வாங்க?"

பிறந்த வீடு ஒரு கரை, புகுந்த வீடு ஒரு கரை என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நாற்பது வருஷம் நின்றவளுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை இது. ஊரில் கடைசி ஆளாக அவளுக்குத் தெரிகிறது.

அண்ணன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, பின்னால் யாரும் இல்லை. மேஜையைச் சுற்றி நடந்து, வளைவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"மிளகா, இது என்ன மேடு?"

"அப்பா கட்டின கரை."

"அது எதுக்கு இங்க?"

"ஊர்ல இருக்கு, அதனால இங்க இருக்கு. சுவத்துல என்னண்ணா எழுதி வெச்சிருக்க? பள்ளமா? யாரு பள்ளம்?"

"மெல்லப் பேசு. உனக்கு இக்கரையிலயே மாடி வீடு கட்டித் தரேன், போதுமா? கல்லுக்காட்டுக்கு உன்னையா அனுப்புவேன்?"

"எனக்கு மட்டுமா?"

"ஊருக்கு ஏரி வந்தா நாலு பேரு வந்து போவான். வருஷா வருஷம் தண்ணில கெடக்கறத விட்டுட்டு வெளிய வாங்கன்னுதானே சொல்றேன்?"

"தண்ணிய விட்டதே நீங்கதானேண்ணா! போன மழைக்கு என் பின்சுவரு விழுந்துச்சு, ரெண்டு மாடு போச்சு. நீ என்ன அனுப்பின? ஒரு மூட்டை வெங்காயமும் போட்டோ பிடிக்கிற ஆளும்!"

அண்ணன் கொத்தனாரின் கரணையைக் கையில் எடுத்தார். ஈரம் காயாத கரையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரே இழுப்பாக வழித்து எறிந்தார். தரை மட்டமாயிற்று. விரலால் தடவிச் சமப்படுத்தவும் செய்தார்.

"கரைன்னு ஒண்ணு எப்பவும் இருந்ததில்ல. அந்தம்மா கேட்டா இப்படித்தான் சொல்லணும். நிஜக் கரையில மரம் நட்டாச்சு, பார்க்கறவங்களுக்கு அது மேடு, அவ்வளவுதான்." கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நாற்பது வருஷக் கரையைக் கரணையால் மறைத்த மகராசன் இவர் ஒருவர்தான்.

அன்று வீட்டுக்குப் போனவள் பாத்திரங்களை உடைக்காத குறை. கூடத்துச் சுவரில் போன வெள்ளத்தின் கறை அவள் மார்பு உயரத்தில் கோடாக நின்றது. கணவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தன்றே மாமனார் சொன்ன மதகை நம்பியவர்.

"போகாதே டீச்சர். அந்த மாதிரிய அவங்களே செஞ்சுக்கட்டும்" என்றார்.

"போவேன். எங்கப்பன் என்னைக் கொடுத்துத்தானே அந்தக் கரைய வாங்கினாரு? கரையே இல்லைன்னா நான் எதுக்கு இங்க வந்தேன்? சும்மா வந்தவளா நான்?" அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்ததில் கோபம் இன்னும் கூடியது.

காலையில் போனாள், கரையை மறுபடி வைத்தே தீருவது என்று. கொத்தனார் களிமண்ணைப் பிசைந்து வைத்திருந்தார். முதலில் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மோட்டாரைப் போட்டு வேகமாகத் திறந்தாள். மலையிலிருந்து தண்ணீர் இறங்கியது, வளைவுக்கு வந்தது, நேராக வெளிப்பக்கத்தில் ஏறியது. அண்ணனின் வெங்காய வயல் முதலில் நனைந்தது. பிறகு சந்தை. பிறகு கிடங்கு. அலுவலகத்தின் படியில் தண்ணீர் நின்றது. அக்கரையில் ஒரு சொட்டு இல்லை.

அண்ணனுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒரு காலத்தில் தெரிந்திருக்கும். நாற்பது வருஷமாகத் தண்ணீர் அடுத்தவன் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தால், தண்ணீரின் சுபாவமே அதுதான் என்று மனிதனுக்குத் தோன்றிவிடும். அக்கரை பள்ளம் என்ற பொய்யைச் சொல்லிச் சொல்லி, அதை முதலில் நம்பியவர்களும் இக்கரைக்காரர்கள்தான்.

டீச்சர் மோட்டாரை நிறுத்தினாள். துணியை எடுத்து, அண்ணனின் வயலைப் பதமாக ஒற்றி எடுத்தாள்.

"கரைய வெக்கலாமா டீச்சர்?"

"வேண்டாம். தலைவர் சொன்னபடியே இருக்கட்டும். அந்த மண்ணை மட்டும் ஈரத் துணியில சுத்தி மேஜைக்கு அடியில வை. விழா முடியறவரைக்கும் வாயைத் தெறக்கக் கூடாது."

"அதுக்கு நாலு மூட்டை சிமெண்டு தூக்கச் சொல்லுங்க, தூக்கறேன்" என்றார் கொத்தனார். ஆனாலும் திறக்கவில்லை.

விழாவன்று மண்டபம் நிரம்பியது. இக்கரைக்காரர்கள் நாற்காலியில், அக்கரைக்காரர்கள் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டு. அதிகாரியம்மா கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத பெண். சுவரில் இருந்த வரலாற்றை நின்று முழுக்கப் படித்தார். அண்ணன் பேசினார். உழைப்பால் உயர்ந்த ஊர், ஒற்றுமையால் வளர்ந்த ஊர். கைதட்டினார்கள். வேலி பயிரை மேய்ந்துவிட்டு ஏப்பம் விடும்போது கைதட்டுவதற்கும் நாலு பேர் இருக்கத்தானே செய்கிறார்கள்.

"அம்மா, பள்ளம் எந்தப் பக்கம்னு நீங்களே பாருங்க. மழைக்காலத்து வெள்ளத்தை என் தங்கச்சி இப்பக் காட்டுவா" என்றார் அண்ணன் பெருமையாக.

தங்கச்சி காட்டினாள். தண்ணீர் வளைவுக்கு வந்தது. வெங்காய வயல், சந்தை, கிடங்கு, அலுவலகம். சுவர் ஓரத்தில் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. அதிகாரியம்மா மேஜையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலைவர் சார், தண்ணி இந்தப் பக்கம்தானே வருது? அப்ப ஏரிய இங்கதான் வெட்டணும்போல."

அண்ணனின் முகம் சிவந்தது. கிடங்கின் கூரையைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. தன் சொத்து நனைவதைப் பொம்மையில்கூட அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தப்பும்மா! இது தப்பு! இங்க கரை இருக்கு! ஆளு உயரத்துக்கு எங்கப்பா கட்டின கரை! அதை வெக்காம விட்டுட்டா இவ!"

தவளை தன் வாயால் கெடும்.

"எங்க இருக்கு அண்ணா?" என்றாள் டீச்சர். "இருக்குன்னு இப்பத்தானே சொல்ற? இடத்தைக் காட்டு."

அவர் காட்டவில்லை. அவள் குனிந்து ஈரத் துணியைப் பிரித்தாள். களிமண்ணை எடுத்து வளைவு நெடுக இரண்டு கையாலும் அழுத்தி வைத்தாள். மண்ணை வைக்க வைக்கத் தண்ணீர் தயங்கியது, சுழன்றது, திரும்பி அக்கரைக்குள் பாய்ந்தது. சோள வயல்கள் முங்கின. கட்டை வீடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து மிதந்தன. சுவர் ஓரத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீலக் கதவு வீடு மேஜை விளிம்புவரை மிதந்து வந்து, அண்ணனின் காலடியில் விழுந்தது.

"இப்ப சரியா இருக்கா?" அவளுடைய குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. "இந்தக் கரைக்கு விலையா எங்கப்பா என்ன கொடுத்தாருன்னும் அம்மாவுக்குச் சொல்லு. நீதானே என்னைக் கையப் பிடிச்சுப் பாலம் வரைக்கும் கொண்டுவந்து விட்ட?"

அதிகாரியம்மா பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அண்ணன் அந்தச் சின்ன வீட்டை எடுக்கக் குனிந்தார். ஈரத்தில் நீலம் அவர் விரலில் ஒட்டியது.

"அதைத் தொடாதே அண்ணா" என்றாள் மிளகாய். "முதல்ல தண்ணிய நிறுத்து."

அவர் மேஜையைச் சுற்றிச் சுற்றித் தேடினார். மோட்டார் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கொத்தனாருக்குத் தெரியும்; அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் தலைவர் வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, ஊர் பார்க்க, தன் அப்பாவின் கரையைத் தன் விரல்களாலேயே தோண்டத் தொடங்கினார்.