சீனிக்குப் போட்ட கண்ணுக்குத் தெரியாத வேலி

சைக்கிளையோ ஸ்கூட்டரையோ துரத்துகிற நாயாக இருந்தால் தமிழ்வாணி கவலைப்பட்டிருக்க மாட்டாள். சீனிக்கு லாரியைக் கண்டால்தான் வெறி. வீடோ பசுமலை தாண்டி, திருமங்கலம் போகிற மெயின் ரோட்டை ஒட்டி. சீனியின் தாயை அதே ரோடு முழுங்கியபோது அவனுக்குக் கண்கூடத் திறந்திருக்கவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டி, முந்தானைக்குள் போட்டுத் தூங்கவைத்து வளர்த்தவள் இவள். இவனுக்கும் அந்தக் கதி வந்தால் தான் இருக்கப்போவதில்லை என்று வாய்விட்டே சொல்லுவாள். நாய்க்காகவா என்று சிரித்தவர்களோடு அப்புறம் அவள் பேசியதில்லை.

சுவர் எழுப்பலாமென்றால், நாலுவழிச் சாலை வரப்போகிறது என்று ஆபீசர்கள் வாசலில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நட்டவர்கள் நட்டவர்கள்தான், ஆளையே காணோம். சங்கிலியில் கட்டினால் சீனி சோறு தின்னாமல், கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டு ஊளையிட்டான்.

அவள் புருஷன் முத்திருளன் கோரிப்பாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒரு டாக்டர் வீட்டில், எங்களுக்கு இனி எதற்கு என்று கொடுத்த பெட்டியோடு ஒருநாள் வந்து நின்றான். வீட்டைச் சுற்றி மண்ணுக்குள் ஒயர் புதைக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி அதற்குக் கரண்டு கொடுக்கும். நாயின் கழுத்தில் பேட்டரி போட்ட பட்டை. ஒயர் கிட்டே போனால் பட்டை கீச்சென்று கத்தும். இன்னும் போனால் சுள்ளென்று ஷாக் அடிக்கும்.

"ஏங்க, பச்சப்பிள்ளைக்கு ஷாக்கு வைக்கப் போறீகளே, நீங்க மனுசந்தானா?"

"லாரி அடிக்கிறதுக்கு இது தேவலையில்ல புள்ள? எறும்பு கடிச்ச மாதிரிதான். என் கையில வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

புதைத்த கோடு நெடுக வேப்பங்குச்சி நட்டு, கிழிந்த சேலைத் துணியைக் கட்டி சீனிக்கு எல்லை காட்டினார்கள். கெட்டிக்காரப் பயல், ஒன்றிரண்டு அடியிலேயே புரிந்துகொண்டான். லாரி போனால் துணி வரைக்கும் ஓடுவான், நின்று குரைப்பான், திரும்பிவிடுவான். தமிழ்வாணி வெகுநாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

முத்திருளனுக்கு அது சாமி விஷயம். உழைக்கிற சாமான் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும். டெஸ்டர், ஸ்குரூடிரைவர், சைக்கிள், மிக்சி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தான். வேலிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். சீனியின் பட்டையையும் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துக் குங்குமமிட்டான்.

"அத மட்டும் விட்டுருங்களேன். பயமா இருக்கு."

"நம்ம புள்ளையக் காக்குற சாமான் அது. அதுக்கு மரியாத பண்ணாம வேற எதுக்குப் பண்ண? ஒரு பொழுதுதான, அவன வீட்டுக்குள்ள போட்டுக் கதவச் சாத்திருவோம்."

அவளும் சரியென்று பொரி கலக்கப் போனாள். கதவைச் சாத்தத்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டு முத்துத்தாய் சுண்டலோடு அதைத் தள்ளித் திறந்த நேரம் பார்த்து, வாழைக்கன்று கட்டி மாலை போட்ட லாரி ஒன்று ஆரனடித்துக்கொண்டு போனது. சீனி அவள் காலிடுக்கில் புகுந்து பாய்ந்தான். கழுத்தில் பட்டை இல்லை என்பது அவனுக்கா தெரியாது? துணியைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, அந்தப் பக்கம் நின்று குரைத்தான்.

தமிழ்வாணி பொரித் தட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். வெறுங்கழுத்தென்றால் கையிலிருந்து நழுவிவிடுவானே என்று சாமி படத்தடியிலிருந்து பட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலேயே கத்தினாள். "பெட்டியப் போடுங்க! சீக்கிரம் போடுங்க!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு இரண்டு பேருக்குமே மட்டு. வேலியில் கரண்டு ஓடினால் பிள்ளை பத்திரம் என்று மனசில் ஊறிப்போயிருந்தது. பூஜையாவது ஒன்றாவது என்று முத்திருளன் சுவிட்சைப் போட்டான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சீனி வாலை ஆட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கழுத்தைக் காட்டினான். பட்டையை மாட்டி, அதை இறுகப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து ரோட்டைக் கடந்தாள்.

"வாடா தங்கம், வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்."

துணி நட்ட இடம் வந்ததும் பட்டை கீச்சென்றது. சீனி நின்றுவிட்டான். நாய் உள்ளேயிருந்து வருகிறதா, வெளியேயிருந்து வருகிறதா என்று ஒயருக்கு என்ன தெரியும்? கிட்டே வந்தால் அடிக்கும். அந்தப் பதற்றத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. "என்னடா, வா" என்று இழுத்தாள். ஷாக் அடித்தது. வீலென்று கத்தி, உடம்பை முறுக்கி அவள் கையை உதறிக்கொண்டு, பழக்கியபடியே கோட்டை விட்டு விலகிப் பின்பக்கமாகப் பாய்ந்தான். பின்பக்கம் ரோடு.

பிரேக் சத்தம் கேட்டு முத்திருளன் ஓடிவந்தபோது அவள் சீனியை அள்ளித் தூக்கியிருந்தாள். உயிர் இருந்தது. "ஐயோ, நாந்தான்டா போடச் சொன்னேன், நாந்தான்டா" என்று அரற்றியபடி வீட்டைப் பார்த்து நடந்தாள். துணி கிட்டே வரும்போது பட்டை மறுபடியும் கீச்சிட்டது. சாகக் கிடந்தவன் அவள் கைக்குள்ளேயே நடுங்கி, வீட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் பின்வாங்கி, ரோட்டோரத்துப் புழுதியில் உட்கார்ந்து பட்டையைக் கழற்றி எறிந்தாள். முத்திருளன் உள்ளே ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"அணச்சுட்டேன் வாணி. உள்ள தூக்கிட்டு வா."

"வேணாங்க" என்றாள். "புள்ள வீட்டுக்கு வரப் பயப்படுறான்."