சத்தம் போடாத பேட்டரி

ஏரியில் ஆட்களை அக்கரையில் கொண்டுபோய் விடும் எங்கள் படகு பேட்டரியில் ஓடுவது. மறுநாள் காலை அதற்குச் சோதனை ஓட்டம். அதிகாரியை ஏற்றிக்கொண்டு அக்கரை போய்த் திரும்பிவிட்டால் ஓட்டுநர் உரிமம் என் பெயரில் வந்துவிடும். படிவம் நிரப்பச் சோம்பல்பட்டு அண்ணன் எனக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. எனக்கோ, வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சார்ஜரைத் தேடிப் பிடித்ததும் நான்தான். படகில் இருப்பவை இரண்டும் மூடிய ஜெல் பேட்டரிகள். தண்ணீர் ஊற்ற வழி கிடையாது, சூடு தாங்காது. மெதுவாக ஏற்ற வேண்டும், நிறைந்ததும் தானே அடங்க வேண்டும், ஜெல்லுக்கென்று தனி நிலை இருக்க வேண்டும். ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். சோதனைக்கு முந்தின நாள் காலையில் அதை மாட்டிவிட்டு, கண் பரிசோதனைச் சான்றிதழ் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கொட்டகையில் என் சார்ஜர் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் அக்கா வீட்டுக்காரரின் லாரி பேட்டரிக் கடை சார்ஜர் உறுமிக்கொண்டிருந்தது. மாமா பேட்டரிமேல் காதை வைத்துக் குனிந்திருந்தார்.

"என்ன மாமா, டாக்டர் வேலையா?"

"உன் டப்பா நாலு மணி நேரமா ஓடுது, ஒரு சத்தமில்லம்மா. சார்ஜ் ஏறினா உள்ள கொதிக்கணும். முப்பது வருஷமா காதாலதான் பாக்கறேன். நம்ம மெஷினை மாட்டித் திருகி ஏத்தினேன். இப்ப கேளு, எப்படிப் பேசுதுன்னு!"

உஸ்ஸென்று காற்று வெளியேறிக்கொண்டிருந்தது.

"கொதிக்கறது தண்ணி ஊத்தற பேட்டரி மாமா. இது சத்தம் போட்டா செத்துட்டிருக்குன்னு அர்த்தம்."

"மச்சான், கேட்டியா? உன் தங்கச்சி எனக்கே கிளாஸ் எடுக்கறா!" என்று மாமா பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. கை வைக்க முடியவில்லை. அண்ணனும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

"தேதியை மாத்தச் சொல்லுவோம்ணா."

"மாத்தினா அடுத்த வருஷந்தான். மீட்டர்ல ஃபுல்லா காட்டுதுல்ல? மாமாவ எடுத்தெறிஞ்சு பேசாம ஓட்டற வழியப் பாரு."

மறுநாள் காலையில் ஏரி மடிப்புக் கலையாத துணிபோல் கிடந்தது. சுக்கான் என் கையில் இருந்தது. பாதித் தூரம்வரை, அக்கரை என்பது யாரோ எனக்காகவே எழுதி வைத்த ஊர்போல நெருங்கி வந்தது. அப்புறம் மோட்டார் இழுத்தது, திணறியது, நின்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாமாவும் அண்ணனும் துடுப்புப் படகில் கயிறோடு வந்தார்கள்.

"ஓட்டத் தெரியணும். எடுத்த எடுப்புல முறுக்கினா பேட்டரி என்ன பண்ணும்?" என்றார் மாமா, அதிகாரி காதில் விழும்படி.

அண்ணனைப் பார்த்தேன். அவன் கயிற்றை முடிந்துகொண்டே, "சின்னப் பொண்ணு சார், பழக்கம் பத்தாது," என்றான்.

அதிகாரி அதையே எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷச் சோதனைக்குப் புதுப் பேட்டரிகள் வந்தன. இம்முறை அண்ணன் தானே உட்கார்ந்து, ஓர் அடித்தல்கூட இல்லாமல் தன் பெயரில் படிவத்தை நிரப்பினான். "சார்ஜ் போடறது மட்டும் உன் பொறுப்பு. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?" என்று என் முதுகில் தட்டினான். மாமாவும் தலையாட்டினார்.

தினமும் கடைசி ஓட்டம் முடிந்ததும் போய் மாட்டுகிறேன். சூடு பார்க்கிறேன், முனைகளைத் துடைக்கிறேன். படகு இன்றுவரை ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. ஏரியிலேயே நல்ல ஓட்டுநர் என்று அண்ணன் பெயரெடுத்துவிட்டான்.