அட்ரஸ் சொல்லு

எங்கள் வீட்டில் இப்போது உட்கார இடமில்லை. சாய்ந்துகொள்ள மட்டும் ஏராளமாக இருக்கிறது. நாற்காலி, கட்டில், வாஷிங் மெஷினின் தலை என்று எங்கு பார்த்தாலும் அக்கா தைத்த கழுத்துத் தலையணைகள், குதிரை லாடம்போல வளைந்து படுத்திருக்கின்றன.

அக்கா மெத்தைக் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். பாத்ரூம் போய் வந்தால்கூட அங்கே சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பார். ஒருநாள் அக்காவும் அவர் வாட்சை எட்டிப் பார்த்து, "சார், உங்களுது கொஞ்சம் மெதுவா ஓடுது" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டாள். இப்போது அங்கே ஆள் பற்றாக்குறை. மாசக் கடைசித் திங்கட்கிழமை காலைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குத் திரும்பிப் போக மனசில்லை. அதற்குள் ஆன்லைனில் கடை திறந்து நாலு பேர் வாங்கிவிட்டால் போக வேண்டியதில்லை.

கடையைத் திறக்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான். தெரிந்தவன் என்றால், வைஃபை போனால் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடுகிறவன். போதாக்குறைக்கு ப்ளாக் வேறு எழுதுகிறேன்.

என் முன்னால் மூன்று தளங்கள் இருந்தன. முதலாவதில்தான் என் ப்ளாக் இருக்கிறது. வாடகை கிடையாது, என்னைப் படிக்கும் நல்ல ஆத்மாக்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் கூடையில் போட்டுக் காசு கட்டும் வசதி இல்லை. இரண்டாவது மாத வாடகைக் கடை. எல்லாம் பளபளவென்று தயாராக இருக்கும். கட்டுரைக்கு மட்டும் அங்கே செருப்பு விடும் மூலைதான். மூன்றாவதில் எழுதவும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் கதவு, சன்னல், பூட்டு எல்லாவற்றையும் நாமே கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

"எதையாவது ஒண்ணத் திறடா," என்றாள் அக்கா.

"அப்படி அவசரப்பட முடியாதுக்கா. முதல்ல கழுத்து வலியைப் பத்தி நல்ல கட்டுரையா எழுதணும். ஜனங்க படிக்கணும். நம்பிக்கை வரணும். அப்புறம்தான் வாங்குவாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். அக்காவின் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். நாளெல்லாம் ஹாரன் பேசிவிடுவதால் வீட்டில் அளந்துதான் பேசுவார். "மாப்ள சொல்றது சரிதான். அவர் கட்டுரையப் படிச்சா யாரா இருந்தாலும் தலையணை தேவைப்படும்."

நான் ரோஷத்தோடு மூன்றையும் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பளபளாக் கடையில் மூன்று நாள் இலவசமாக இருந்து பார்க்கலாம். அந்த இலவசக் கெடு முடிவதற்குள் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. அதனால் வேறொரு ஈமெயிலில் புதுக் கடை திறந்தேன். அதுவும் முடிந்தது. மாமா பெயரில் ஒன்று. பிறகு யார் பெயரிலும் இல்லாமல், விசைப்பலகையில் கைக்கு வந்ததைத் தட்டி ஒரு ஈமெயில் உண்டாக்கி இன்னொன்று. சொந்தமாக ஒரு கடை திறக்கத் துப்பில்லாதவன், வாடகை கொடுக்காமல் கடைத்தெரு முழுக்கக் குடியிருந்துவிட்டேன்.

நடுவில் ஒருநாள் அக்கா கதவோரம் நின்று கேட்டாள். "கடைக்கு அட்ரஸ் என்னடா?"

அப்போது திரையில் திறந்திருந்ததைப் படித்துக் காட்டினேன். "இப்போதைக்கு இது."

'இப்போதைக்கு' என்பது என் வாயில் மூச்சு மாதிரி சதா வந்துபோகிற வார்த்தை. அக்கா அதை எப்போதோ காதில் வாங்குவதை நிறுத்திவிட்டாள்போலிருக்கிறது. அவளிடம் துணியில் பெயரைப் பூத்தையலாகப் போடும் மெஷின் இருக்கிறது. வெள்ளி ராத்திரிக்குள் அந்த அட்ரஸை வீட்டிலிருந்த அத்தனை தலையணைகளிலும் நீல நூலில் தைத்து முடித்துவிட்டாள். அவ்வளவு அழகான எழுத்து. அக்கம்பக்கத்தில் சிலதைக் கொடுத்து, "இதுல போட்டிருக்கு பாருங்க, வேணும்னா அதுல வாங்குங்க" என்றும் சொல்லி வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை அந்தக் கடையின் கெடு முடிந்து கதவு சாத்திக்கொண்டது.

சரி, பணத்தைக் கட்டித் திறந்துவிடலாம் என்று போனேன். உரிமையாளர் மட்டுமே திறக்க முடியும் என்றது. உரிமையாளர் நான்தான் என்றேன். ஈமெயிலுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. அது யார் பெயரிலும் இல்லாத அந்த ஈமெயில், அதன் பாஸ்வேர்டும் கைக்கு வந்ததைத் தட்டியதுதான். உதவி மையத்தில் ஒரு இயந்திரம், "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்று திரும்பத் திரும்ப எழுதியது. எனக்கே அது புரியாமல் இருந்த நேரம். வேறு ஈமெயிலில் அதே பெயரைக் கேட்டால், அது வேறொருவருடையது என்றது. அந்த வேறொருவனைக் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு முழுக்க அக்காவிடம் சொல்லவில்லை. திங்கள் காலையில் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து, "கடை மூடியிருக்குன்னு வருதேம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். ஒரு தலையணையை மடியில் வைத்து, நூல் பிரிக்கும் ஊசியால் முதல் எழுத்தைப் பிரித்தாள். நூல் வந்துவிட்டது. துணியில் துளைகள் வரிசையாக நின்றன, எழுத்து வெறும் ஓட்டையாக அப்படியே தெரிந்தது.

"மேல ஒரு பட்டித் துணி வெச்சுத் தைச்சா மறைஞ்சிடாதா?" என்றார் மாமா, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே.

"மறையும்," என்றாள் அக்கா. அவள் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்து நூலைக் கோத்தாள். "பட்டியில புது அட்ரஸ் போட்டுடலாம். சொல்லுடா, இப்பவே தைக்கிறேன். எது?"

"முதல் தளத்துல படிக்கிறவங்க இருக்காங்கக்கா. ஆனா காசு கட்ட முடியாது..."

"அதில்லடா. அட்ரஸ் சொல்லு."

"மூணாவது நல்லதுதான். நாமே எல்லாத்தையும் மாட்டணும், அதுக்குக் கொஞ்ச நாள்..."

"தம்பி. அட்ரஸ்."

அவள் கால் பெடலின் மேல் இருந்தது. எனக்கு மூன்று பெயர்களும் தெரியும். மூன்றும் தொண்டை வரை வந்து, நீ முதலில் போ, நீ முதலில் போ என்று நின்றன. ஒன்றைச் சொன்னால் அது துணியில் ஏறிவிடும். அதுவும் தப்பாகிவிட்டால் அவள் இன்னொரு தடவை உட்கார்ந்து பிரிக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"இப்போதைக்கு..." என்றேன்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு டிப்போவுக்குக் கிளம்பினார். அவர் ஏதாவது கிண்டலாவது செய்திருக்கலாம்.

அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஃபோனை எடுத்து, தொண்டையைச் செருமி, நான் கேட்டே இராத ஒரு மெல்லிய குரலில் பேசினாள்.

"சார், வணக்கம் சார். நான்தான் சார். வர்றேன் சார்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். காலை ஷிஃப்டா, ராத்திரி ஷிஃப்டா என்றிருக்க வேண்டும்.

"எதுன்னாலும் சரி சார். நீங்க சொல்றதுதான்."

பிறகு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா இப்படி நிக்கிற? தோசக்கல்ல விழுந்த பூனை மாதிரி. போய்ச் சாப்பிடு," என்றாள்.