இறக்கை நுனியில் இடதுகைத் தடம்

"கையைக் காட்டுங்க டாக்டர்! எந்தக் கையால பல்லைப் பிடுங்குறீங்க? வலது கைதானே? அப்போ இது எப்படி இப்படி வந்துச்சு?"

"கத்தாதீங்க. மாடி முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டுமே!"

மாடி முழுக்கக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்வீட்டில் இப்படிச் சத்தம் வந்தால், கையில் அகப்பட்ட பாத்திரத்தை எடுத்துக்கொண்டு "இது உங்க வீட்டுதா பாருங்க" என்று போய் நிற்பதுதான் அக்கம்பக்கத்து மரியாதை. போனேன். நாலு பேர் காதில் தப்பாக விழுவதற்கு முன்னால் ஒருத்தி காதிலாவது சரியாக விழ வேண்டாமா?

கூடத்தில் பல் டாக்டர் பனியனோடு நின்றிருந்தார். எதிரே கடைத்தெருக் கடிகாரக்காரர், கண்ணில் இடுக்குகிற அந்தக் குட்டி லென்ஸோடு. நடுவே, சாப்பாட்டு மேஜையை முழுசாக அடைத்துக்கொண்டு, ரிமோட்டில் பறக்கிற விமானம். சிவப்பும் வெள்ளையுமாக, கன்னத்தை வைத்துப் பார்க்கலாம் போல வழவழவென்று.

இருவரும் ஒரே விமானச் சங்கம். போன வாரப் போட்டியில் கோப்பை டாக்டருக்கு. அதற்கு முந்தின வருஷமும் அவருக்கே, அதற்கு முந்தினதும். கடிகாரக்காரர் மூன்று முறையும் இரண்டாவது. யார் உயரப் பறந்தார்கள் என்பதற்கல்ல இந்தக் கோப்பை. மேலே போர்த்துகிற வேலைக்கு. தக்கை மாதிரி லேசான மரத்தில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமை விரித்து, ஓரங்களை முதலில் ஒட்டி, அப்புறம் குட்டி இஸ்திரிப்பெட்டியால் நடுவில் சூடு காட்டினால், ஃபிலிம் சுருங்கி மத்தளத் தோல் போல இழுத்துக்கொள்ளும். சூடு குறைந்தால் சுருக்கம். கூடினால் ஓட்டை. போட்டிக்கு ஒரே விதிதான்: பேர் கொடுத்தவரே தன் கையால் போர்த்தியிருக்க வேண்டும்.

"பாருங்கம்மா, நீங்களே சொல்லுங்க," என்று கடிகாரக்காரர் என்னை நடுவராக்கினார். நான் வேண்டாமென்றா சொல்வேன்? "நுனி வளைவுல ஒரு கையால ஃபிலிமை இழுத்துக்கிட்டே இன்னொரு கையால இஸ்திரி வைக்கணும். வலதுகைக்காரன் செஞ்சா இழுத்த தடம் ஒரு பக்கம் சாயும். இது மறுபக்கம் சாயுது. ரெண்டு இறக்கையிலும். இது இடதுகை வேலை!"

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். முடி மாதிரி ஏதோ தெரிந்தது. "அடேயப்பா!" என்று சொல்லிவைத்தேன்.

டாக்டரின் கண்கள் உள்ளறைக் கதவுக்குப் போய்த் திரும்பின. பல் பிடுங்குகிறவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வலிக்காது" என்ற ஒன்றைத் தவிர.

கடிகாரக்காரர் கதவைத் தள்ளினார்.

உள்ளே டாக்டரின் தங்கை. வீட்டில் கூப்பிடுகிற பேர் பாப்பா. பாப்பாவுக்கு முப்பத்தாறு வயசு, இன்னும் கல்யாணமாகவில்லை. "அவளுக்கு ஒரு வழி பண்ணாம நான் பண்ணிக்க மாட்டேன்" என்று நாற்பத்தைந்து வயசு அண்ணன் சொல்லிச் சொல்லி, இரண்டு பேருக்கும் நரைக்க ஆரம்பித்திருந்தது. இந்த வீட்டில் ஒரு கல்யாணமாவது நடக்குமா என்பதுதான் எங்கள் கட்டடத்தில் பல வருஷமாகப் பேச்சு. ஒரு வரன்கூட வராததற்குக் காரணம் டாக்டருடைய கர்வம் என்று நான்தான் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

அவள் மேஜைமேல் அடுத்த விமானத்தின் இறக்கை. பாதி நீலம், பாதி வெறும் எலும்பு. ஃபிலிமில் கீறல் விழாமலிருக்கப் பழைய காலுறை மாட்டிய இஸ்திரிப்பெட்டி அவள் இடது கையில்.

"பதினோரு வருஷமா நான்தான் போர்த்தறேன்," என்றாள். ஏதோ பால் வாங்கி வருவது நான்தான் என்பது போல.

கடிகாரக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தால், லென்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"இதுக்குத்தானா டாக்டர்? எட்டு வருஷம் முன்னாடி எங்க அக்கா எனக்காக உங்க தங்கச்சியைக் கேட்டு இந்த வாசலுக்கு வந்தா. 'ஏற்கெனவே நிச்சயம் ஆயிடுச்சு'ன்னு சொல்லி அனுப்பினீங்க. எனக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க, அது முடிஞ்ச கதை. ஆனா கோப்பைக்காகக் கூடப்பிறந்தவளைக் கட்டிப்போடறதாய்யா?"

என் கையிலிருந்த பாத்திரம் விழுந்து உருண்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டுக்கு ஒரு வரன் வந்து போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை!

"எந்த அக்கா?" என்றார் டாக்டர். "யாருமே வரலையே."

"நடிக்காதீங்க டாக்டர்," என்றேன் நான். எனக்கும் ஒரு வாய் இருக்கிறதே.

"அவர் நடிக்கல," என்றாள் பாப்பா. "அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்தார். கதவைத் திறந்தது நான். நிச்சயம் ஆயிடுச்சுன்னு சொன்னதும் நான்தான்."

டாக்டர் தங்கையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொத்தை என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கியவர் பார்ப்பது போல இருந்தது.

"அவங்க மட்டும் இல்ல. அப்புறம் வந்த ரெண்டு பேருக்கும் அதையேதான் சொன்னேன்."

"ஏன் பாப்பா?"

"அங்க போனா அவங்க வீட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடணும். இங்க இறக்கைக்குப் போடறேன். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. 'ஊர் என்ன சொல்லும்'ம்பீங்க." ஊர் என்று சொல்லும்போது என்னை ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

டாக்டர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் வெட்டிய ஃபிலிம் துண்டுகள் இருந்தன, அவருக்குத் தெரியவில்லை.

"உனக்கு ஒரு வரனும் வரலையேன்னு நான் கண்ணாடியைப் பாக்கவே வெட்கப்பட்டிருக்கேன் பாப்பா. ஆறு வருஷமா ஒருத்தியைக் காக்க வச்சிருக்கேன். 'தங்கச்சிக்கு ஆகட்டும், தங்கச்சிக்கு ஆகட்டும்'னு. வெள்ளிக்கிழமை அவ வேலையை விட்டுட்டா. நாளைக்குக் காலைல ரயில். அவங்க அண்ணன் ஊருக்கே போறா."

"யாரு?"

"நம்ம டோக்கன்."

டோக்கன் என்றால், டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற பெண். அந்த வாசலில் நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்! இரண்டு கடைவாய்ப் பல், ஒரு வேர் சிகிச்சை. ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு பல் போனது பெரிதில்லை. எனக்கு அன்றைக்குக் கண்ணே போய்விட்டது போல இருந்தது.

கருகிய நாற்றம் வந்த பிறகுதான் எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். இஸ்திரிப்பெட்டி இறக்கைமேல் அசையாமல் இருந்தது. அதைச் சுற்றி நீல ஃபிலிம் பின்வாங்கிக்கொண்டே போனது. உள்ளங்கை அளவு ஓட்டை. மூன்று கோப்பை வாங்கிய கை அது. கடிகாரக்காரர் "ஐயோ" என்று நிஜமாகவே அலறிவிட்டார், சொந்தப் பிள்ளைக்குச் சுட்டது போல.

பாப்பா பெட்டியை எடுத்து நிறுத்தினாள். இறக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனின் ஃபோனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"அண்ணி," என்றாள். "பாப்பா பேசறேன். அண்ணன் காத்திருக்கச் சொன்னதெல்லாம் என்னாலதான். தப்பு என் பேர்ல. நீங்க ரயில் ஏறாதீங்க."

அமைதியான அறையில் பதில் எங்களுக்கும் கேட்டது. "அதை உங்க அண்ணன் சொல்லட்டும்."

ஃபோன் டாக்டர் காதுக்குப் போனது.

"அது வந்து... நான்தான்... நாளைக்கு எத்தனை டோக்கன் குடுத்திருக்கே?"

"யோவ் டாக்டர்!" என்று கடிகாரக்காரர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "ஆறு வருஷம்! வாயைத் திறய்யா!"

வாயைத் திற என்று மற்றவர்களிடம் சொல்லியே பழகியவர், திறந்தார். "போகாதே. அடுத்த மாசமே பண்ணிக்கலாம். பாப்பாவுக்கு ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி."

அந்தப் பக்கம் ஒரு பெண் அழுவதும் திட்டுவதும் ஒன்றாகக் கேட்டன. திட்டுதான் அதிகம். டாக்டர் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார். நான் பாத்திரத்தைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினேன். மூன்று மாடிக்கும் சொல்லியாக வேண்டுமே, தாமதித்தால் செய்தி ஆறிப்போய்விடும்.

சொன்னபடி அடுத்த மாதமே பதிவு அலுவலகத்தில் டாக்டருக்கும் டோக்கனுக்கும் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது கடிகாரக்காரர். டாக்டர் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்த மூன்று கோப்பைகளும் அதற்குள் அவர் கடை அலமாரியில் ஏறியிருந்தன. புது ஜோடி ஆஸ்பத்திரிக்கு மேல்மாடிக்கே குடிபோய்விட்டது. பாப்பா வேறு ஊரில், விமானச் சாமான் விற்கிற கடை ஒன்றின் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். கல்யாணமா? இதுவரை இல்லை. அந்த ஊரில் எனக்கு ஒரு நாத்தனார் உண்டு. நன்றாக விசாரித்துத்தான் சொல்கிறேன்.