பூவுக்கு அடித்த மருந்து

காலை ஆறேகாலுக்குக் காலிஃபிளவர் லாரி கிளம்பியது. அதற்குப் பிறகுதான் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர அந்த விவசாயிக்கு நேரம் கிடைத்தது. சேறு காயாத செருப்போடு இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவளுடைய கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாளாக டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?"

"முந்தாநாள்தான் அடிச்சோம்" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அடிச்சீங்களா?"

"பூச்சி மருந்தைச் சொல்றா டாக்டர்" என்றார் கணவர். "மருந்துன்னாலே எங்களுக்கு அதுதான். இவ கலக்கிக் கொடுப்பா, நான் அடிப்பேன். இன்னிக்குக் காலையில பூவை அறுத்து லாரி ஏத்திட்டுத்தான் வர்றோம்."

"கையாலயா கலக்கறீங்க?"

"குச்சி இருக்கு. அவசரத்துல அதை யாரு தேடறது" என்றாள்.

"அடிச்சு ஒரு வாரம் கழிச்சுத்தானே அறுக்கணும்?"

"ஒரு வாரம் விட்டா பூ மஞ்சளாயிடும். அடிக்காம விட்டா புழு ஓட்டைன்னு வியாபாரி திருப்பி அனுப்பிடுவான்." கணவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இனி அவள் பூச்சி மருந்துப் பக்கமே போகக் கூடாது என்றார். இவள் இல்லாமல் யார் கலக்குவது என்று கணவர் யோசித்தார்.

"உங்க தோட்டத்துப் பூவை வீட்டுல சமைக்கிறீங்களா?"

"நாங்க என்ன பைத்தியமா டாக்டர்?" என்றார் கணவர். " அதை வாயில வைக்கறதே இல்லை. வீட்டுக்குக் காலிஃபிளவர் கடையிலதான் வாங்கறோம்."

அவள் ஒரு கையை மறுகையால் அழுத்திக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடைக்கு யாரு தோட்டத்துலேருந்துங்க வருது?"