ஊறப்போட்ட ஜிப்ஸி

பெருங்களத்தூர் புரோக்கர் குணசீலன் எந்தப் பழைய வண்டியையும் முதல் நாளே வாங்க மாட்டான். வாய்க்கு வந்தபடி மட்டம் தட்டிவிட்டு, விற்பவரை ஒரு வாரம் ஊறப்போடுவான். அதற்குள் அவர்களே விலையில் இறங்கி வந்துவிடுவார்கள்.

ஊரப்பாக்கத்தில், புருஷனை இழந்த அபிதா டீச்சர் வீட்டு ஜிப்ஸி ஜீப்பைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. காடு மலை சுற்றும் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு மாசத்துக்கு மாசம் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வெறும் துரு, டீச்சர். காயலான் கடைக்காரனே யோசிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் பணத்தோடு வந்தபோது ஷெட் காலியாகக் கிடந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றார் டீச்சர். "அவர் ஆசையா வெச்சிருந்த வண்டி மக்கிப் போறத தினமும் பாக்க முடியல. காயலான் கடை ஆளுங்க வந்து, கேஸ் கட்டர் வெச்சு வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாவம், உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

குணசீலனுக்கு வயிறு எரிந்தது. தான் மட்டும் ஏன் எரிய வேண்டும் என்று தோன்றியது.

"அது எட்டு லட்சம் போற வண்டி, டீச்சர்."

டீச்சர் தரையிலிருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா தொழில் பண்றேன்?" என்றான் குணசீலன். சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.