ஆடியில் திறந்த மெனு

ஆசிமுக்கு முகம் மறக்காது, பட்ட அவமானம் மறக்காது; கம்ப்யூட்டரில் எடிட்டர் கட்டளைகள் மட்டும் மறந்துவிடும். கடத்தூரில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற வேலை. பழைய எழுத்துருவை யூனிகோடாக்குவது, இரட்டித்த வரிகளை நீக்குவது எல்லாம் என்றோ ஒருநாள்தான் தேவைப்படும். அன்றைக்கென்று பார்த்து மண்டை காலியாக இருக்கும்.

அதனால் எடிட்டரில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். கீபோர்டில் எஃப் ஒன்பதைத் தட்டினால் குட்டி மெனு ஒன்று எழும்பி நிற்கும். அதில் கட்டளைப் பெயர் கிடையாது, வசவுதான். இரட்டித்த வரியை நீக்கும் கட்டளைக்கு: "மடையா, மணப்பொண்ணோட அப்பா பேர அழிச்சியே, அந்த வேல இதுதான்." தன்னைத் திட்டினால்தான் அவனுக்கு விளங்கும்.

பக்கத்து நாற்காலி குமார், கூட்டாளி. பாப்பிரெட்டிப்பட்டியில் இருவருமாகக் கடை போடுவதாகப் பேச்சு.

"ஆடி போவட்டும் மாப்ள. ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது" என்றான் குமார். உடம்பு சரியில்லை என்று லீவிலும் போனான்.

ஆசிம் காத்திருந்தான். "அவங்க நம்பிக்கைய மதிக்கணும்" என்று மனைவி அலீனாவுக்குப் பிரசங்கம் வேறு.

ஆடிக் கடைசியில், கடைக்கு இடம் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் இறங்கினான். எதிரிலேயே புது பிளெக்ஸ்: 'குமார் டிஜிட்டல்'. குமார் என்று ஊரில் ஆயிரம் பேர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே உள்ளே போனான்.

"வாங்கண்ணா. நான் கவிப்பிரியா. என்ன அடிக்கணும்ங்க?"

"கட எப்ப தெறந்தீங்க?"

"ஆடிப் பதினெட்டுங்க. அதவிட நல்ல நாள் உண்டா?"

ஆடிப் பதினெட்டு என்றால் ஒகேனக்கல்லுக்குக் கூட்டம் போகும் என்பது மட்டும்தான் ஆசிமுக்குத் தெரியும்.

பேசிக்கொண்டே, பாதியில் விட்ட வேலைக்காக அவள் எஃப் ஒன்பதைத் தட்டினாள். மெனு எழும்பியது. முதல் வரியே 'மடையா'.

"எங்க ஓனர் எழுதுனதுங்க" என்று சிரித்தாள் அவள். "தன்னத்தானே திட்டிக்குவாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

கையில் டீயோடு குமார் நுழைந்தான். முகம் வெளுத்தது.

"மாப்ள... நானே சொல்லலாம்னுதான்..."

"மெனு நீ எழுதுனதாமே?"

குமார் அந்தப் பெண்ணைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் ஆசிம் நின்றான்.

"ஏதோ... தோணுனத எழுதுனேன்."

"நல்லா இருக்குடா. மடையன் யாருங்கறத மட்டும் மாத்திடாத."

டீயை வைக்கப் போன குமார் அதை மேசையில் கொட்டிவிட்டான். ஆசிம் சட்டென்று கீபோர்டைத் தூக்கி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.